மெதுவாகவும் சூடாகவும் படியவைத்தால் வெள்ளி தட்டையாக வருமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். கல்லூரியில் உள்ள வெற்றிடப் பூச்சு இயந்திரத்தில் கண்ணாடித் துண்டின் மேல் கொஞ்சம் வெள்ளியை ஆவியாக்கிப் படியவைத்திருக்கிறார். படலம் பளபளப்பாக வராமல் ஊதா கலந்த மஞ்சளாக வந்திருக்கிறது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் மின்சாரமே பாயவில்லை. "இதையே ஒழுங்கான படிகத்தின் மேல், மெதுவாக, சூடாக வைத்துப் படியவைத்தால் அடுக்கடுக்காகத் தட்டையாக வளரும் என்கிறார்கள். அது சரிங்களா? படிகத்தின் மேல் உலோகம் உண்மையில் எப்படித்தான் வளர்கிறது?" என்பது அவர் கேள்வி.

சரி அம்மணி, முதலில் நேரடியான பதில். படிகம் வேண்டும் என்பது சரி. மெதுவாக, சூடாக என்பது அடியில் இருக்கும் படிகம், மேலே படியும் உலோகம் என்ற சில ஜோடிகளுக்கு மட்டும்தான் சரி. வெள்ளிக்குப் பல இடங்களில் அதுவே காரியத்தைக் கெடுத்துவிடும். அணுக்களுக்குத் தாராளமாக நேரமும் சூடும் கொடுத்தால், தமக்கு எந்த வடிவம் வசதியோ அதற்குப் போய்விடும். அந்த வடிவம் தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவன் நான். இந்த ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எவ்வளவு மெல்லிய பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளியில் ஒரு அணு அடுக்கின் உயரம் 0.236 நானோமீட்டர். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.5 கிராம். இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், 1 கிராம் வெள்ளியை ஒற்றை அணு அடுக்காக விரித்தால் ஏறக்குறைய 400 சதுர மீட்டர் வரும். நம் ஊர்க் கணக்கில் 10 சென்ட். சேலம் செவ்வாய்பேட்டையில் 100 கிராமில் ஒரு ஜோடி கொலுசு வாங்கினால், அதில் 10 ஏக்கர் தோட்டத்தை மூடும் அளவுக்கு வெள்ளி இருக்கிறது. அந்த 10 ஏக்கரில் எங்கும் ஓட்டை விழாமல், எங்கும் இரட்டை அடுக்கு ஆகாமல் விரிப்பதுதான் நாம் கேட்கும் வேலை.

இதற்கு முதல் எதிரி காற்று. ஒரு டாரில் (வெற்றிட அழுத்தத்தை அளக்கும் அலகு) பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது கேட்க நல்ல வெற்றிடம் மாதிரி இருக்கும். ஆனால் அந்த அழுத்தத்தில் மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறுகள், மோதியதெல்லாம் ஒட்டினால், ஒரே நொடியில் படிகப் பரப்பை ஒரு அடுக்கு மூடிவிடும். வழக்கமாக நாம் உலோகத்தை நிமிடத்துக்கு ஒரு அடுக்கு என்ற வேகத்தில் படியவைப்போம். அதற்குள் அழுக்கு அறுபது முறை மூடியிருக்கும். அதனால்தான் இன்னும் பத்தாயிரம் மடங்கு கீழே போக வேண்டியிருக்கிறது. ஆயிரம் கோடியில் ஒரு பங்கு டாரில், பரப்பு அழுக்காக மூன்று மணி நேரம் போலக் கிடைக்கும். கோயம்புத்தூரில் பம்ப் என்றால் கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றுவது. இந்த ஆய்வகங்களில் பம்ப் என்றால் எஃகுச் சுவரில் ஒட்டிய தண்ணீரைக்கூட உருவி எடுப்பது. முழுச் சேம்பரையும் அலுமினியத் தாளில் சுற்றி, 150 டிகிரியில் ஒரு நாள் இரண்டு நாள் சுட வைத்தால்தான் அந்த ஈரம் போகும். உங்கள் கல்லூரி இயந்திரத்தில் இது முடியாது, அதில் குறையொன்றும் இல்லை. உங்கள் வெள்ளி எந்தப் பரப்பின் மேல் விழுந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி அணுக்களின் விருப்பத்துக்கு வருவோம். சாப்பிட உட்காரும்போது வாழையிலையில் தண்ணீர் தெளிக்கிறோம். முத்து முத்தாக நிற்கும், கையால் தேய்த்தால்தான் பரவும். அதே தண்ணீர் சிமெண்டுத் தரையில் தானே பரவிவிடும். உலோகமும் இப்படித்தான். ஒவ்வொரு பரப்பையும் திறந்து வைத்திருப்பதற்கு ஒரு ஆற்றல் செலவு உண்டு. வெள்ளிக்கு அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 ஜூல், செம்புக்கு 1.8, டங்ஸ்டனுக்கு 3-க்கும் மேல். செலவு அதிகமான பரப்பை, செலவு குறைந்த உலோகம் வந்து மூடினால் மொத்தச் செலவு குறையும். எனவே டங்ஸ்டன் மேல் வெள்ளி பரவுகிறது. மக்னீசியம் ஆக்சைடு மேல் இந்தக் கணக்கு தலைகீழ். அதன் பரப்புச் செலவே வெள்ளியைப் போலத்தான், வெள்ளியோடு பிடிப்பும் குறைவு. அதனால் அங்கே வெள்ளி முத்து முத்தாகத்தான் நிற்கும். ஏற்காட்டு அடிவாரத்தில் வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டால் கிடைப்பது இதே மக்னீசியம் ஆக்சைடுதான். அதைத் தூய்மையாக்கி, உருக்கி ஒற்றைப் படிகமாக வளர்த்து, பிளந்து பயன்படுத்துவார்கள். உங்கள் கண்ணாடியும் இந்த வகையில்தான் சேரும். வெள்ளி அதன் மேல் தனித்தனித் தீவுகளாக நின்றுவிட்டது. தீவுக்கும் தீவுக்கும் இடைவெளி இருப்பதால் மின்சாரம் போகவில்லை. அந்தச் சின்னத் தீவுகளில் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடுவதால்தான் ஊதாவும் மஞ்சளும்.

இந்த வளர்ச்சிகளை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். முதலிலிருந்தே தீவாக நிற்பது வோல்மர், வெபர் ஆகியோர் 1926-இல் விளக்கியது. அடுக்கின் மேல் அடுக்காக வருவது ஃபிராங்க், வான் டெர் மெர்வே 1949-இல் எழுதியது. ஒன்றிரண்டு அடுக்கு ஒழுங்காகப் பரவி, அப்புறம் அதன் மேல் தீவு எழும்புவது ஸ்ட்ரான்ஸ்கி, கிராஸ்தனோவ் பெயரில் வழங்குகிறது. மூன்றையும் பரப்பு ஆற்றல் என்ற ஒரே கணக்குக்குள் 1958-இல் கொண்டுவந்தவர் எர்ன்ஸ்ட் பவர். நான் சொன்ன டங்ஸ்டன் மேல் வெள்ளி மூன்றாவது வகை. இரண்டு அடுக்குவரை நன்றாகப் பரவும், மூன்றாவதிலிருந்து சூட்டில் குவியத் தொடங்கிவிடும்.

ஏன் பாதியில் மனம் மாறுகிறது? பெரும்பாலும் அளவு பொருந்தாததால். சென்னிமலைத் தறிக்காரர்களிடம் கேட்டால் இதைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். இஞ்சுக்கு 90 இழை உள்ள துணியின் மேல் 80 இழை உள்ள துணியை இழைக்கு இழை பொருத்தித் தைத்தால், மேல் துணி புடைத்துக்கொண்டு சுருங்கும். செம்பில் அணுவுக்கு அணு 0.256 நானோமீட்டர், வெள்ளியில் 0.289. எட்டு வெள்ளி அணு நிற்கும் நீளத்தில் ஒன்பது செம்பு அணு நிற்கும். அதே 80-க்கு 90 கணக்கு. இதற்கு மாறாக, தங்கமும் வெள்ளியும் 0.2 சதவீதம்கூட வித்தியாசம் இல்லாத ஜோடி. பொருந்தாத ஜோடியில் அடுக்கு ஏற ஏற இறுக்கமும் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் படலம் எங்காவது ஒரு வரிசை அணுவை விட்டுக்கொடுத்து இறுக்கத்தைத் தளர்த்தும், அல்லது தீவாகக் குவிந்து பக்கவாட்டில் விரிய இடம் தேடிக்கொள்ளும்.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்தில் கிடைக்கும். எனக்கு உண்மையில் பிடித்த பகுதி இனிமேல்தான்.

ஆற்றல் கணக்குப்படி பார்த்தால், ஒரு உலோகத்தை அதே உலோகத்தின் மேல் படியவைத்தால் எந்தச் சிக்கலும் இருக்கக் கூடாது. பிளாட்டினத்தின் மேல் பிளாட்டினம். பரப்புச் செலவு ஒன்றே, அளவும் ஒன்றே. ஆனாலும் அது எப்போதும் தட்டையாக வருவதில்லை! காரணம், அணுக்கள் எங்கே போக விரும்புகின்றன என்பது வேறு, அங்கே போய்ச்சேர வழி இருக்கிறதா என்பது வேறு.

வந்து விழுந்த பிளாட்டின அணு சும்மா இருக்காது. அறை வெப்பநிலையில் பிளாட்டினத்தில் அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கியிருக்கும் முகத்தில், நொடிக்குப் பத்துக் கோடி தடவை அளவில் இடம் விட்டு இடம் தாவும். தாவும்போது இன்னொரு அணுவைச் சந்தித்தால் இரண்டும் பிடித்துக்கொள்ளும், அது ஒரு தீவின் விதை. விழும் வேகத்தைக் கூட்டினால் சந்திப்புகள் கூடி, சின்னத் தீவுகள் நிறைய வரும். இரண்டு அணு சேர்ந்தாலே நிலைத்துவிடும் என்றால், வேகத்தை எட்டு மடங்கு ஆக்கினால் தீவுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும். சூட்டைக் கூட்டினால் நடை நீளும், தீவுகள் குறைவாகவும் பெரிதாகவும் வரும். இன்னும் சூடாக்கினால் தீவே தோன்றாது. எந்தப் படிகத்தையும் கணக்குப் பிசகாமல் வெட்ட முடியாது, 0.1 டிகிரி சாய்ந்தாலே, வெள்ளியில் 135 நானோமீட்டருக்கு ஒரு படி வந்துவிடும். சென்னிமலையில் 1320 படி ஏறுகிறோம், இங்கே ஒவ்வொரு படியும் ஒரே ஒரு அணு உயரம். சூட்டில் எல்லா அணுவும் நடந்தே இந்தப் படிகளின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், படிகள் முன்னே நகரும். பர்ட்டன், கப்ரேரா, ஃபிராங்க் மூவரும் 1951-இல் இந்தப் படி நகர்வைக் கணக்காக எழுதினார்கள். உங்களிடம் மெதுவாக, சூடாக என்று சொன்னவர்கள் மனதில் இருப்பது இதுதான். அதே உலோகத்தின் மேல் அதே உலோகம் என்றால் அவர்கள் சொல்வது சரியே.

சிக்கல், தீவின் மேலேயே போய் விழும் அணுவுக்கு. அது விளிம்புவரை வரும், ஆனால் கீழே இறங்கத் தயங்கும். மொட்டை மாடியிலிருந்து ஏணிக்குக் காலை எடுத்து வைக்கும் அந்த ஒரு நொடியை நினைத்துப் பாருங்கள். மாடியின் பிடியும் இல்லை, ஏணியின் பிடியும் இன்னும் வரவில்லை. விளிம்பைத் தாண்டும் அணுவுக்கும் அந்தக் கணத்தில் பிடித்துக்கொள்ளப் பக்கத்து அணுக்கள் குறைவு. 1966-இல் எர்லிக்கும் ஹட்டாவும் டங்ஸ்டன் ஊசி முனையில் தனித்தனி அணுக்களையே நோக்கி, விளிம்புவரை வந்த அணு திரும்பிப் போவதைக் கண்டார்கள். அதே ஆண்டு ஷ்வோபெல், ஷிப்ஸி இருவரும் இந்தத் தயக்கத்தால் வளர்ச்சி என்ன ஆகும் என்று காட்டினார்கள். இறங்க முடியாத அணுக்கள் மேலேயே ஒன்றையொன்று சந்தித்து அங்கே புதுத் தீவு தொடங்கும். அதன் மேல் இன்னொன்று. கடைசியில் மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் படிக்கட்டுக் குன்றுகள்தான் மிஞ்சும்.

1990-இல் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் இந்தப் பிளாட்டினத்தை வைத்துச் செய்த சோதனையை முதன்முதலாகப் படித்தபோது நான் அசந்துபோனேன். ஏறக்குறைய 350 டிகிரி சென்டிகிரேடில் அடுக்கடுக்காக வளர்ந்தது. சூட்டை 150 டிகிரி அளவுக்குக் குறைத்தார்கள், குன்று குன்றாகிக் கெட்டது. இன்னும் குறைத்தால் இன்னும் கெடும் என்றுதானே யாரும் நினைப்போம்? 0 டிகிரி அருகே கொண்டுபோனபோது மறுபடியும் அடுக்கடுக்காக வளர்ந்தது. குளிரில் தீவுகள் சின்னவை, விளிம்புகள் கரடுமுரடானவை. சின்னத் தீவின் மேல் விழுந்த அணு திரும்பத் திரும்ப விளிம்புக்கு வந்துகொண்டே இருக்கும், அந்தக் கரடுமுரடான மூலைகளில் இறங்க வழியும் சுலபம். நடுச் சூட்டில் தீவுகள் பெரிதாகி, விளிம்புகள் நேராகி, வழி அடைபட்டுவிடுகிறது. மிகுந்த சூட்டிலோ அணுவுக்குத் தயக்கத்தைத் தாண்டும் தெம்பு இருக்கிறது. சூடு கூடினால் நல்லது என்ற நேர்க்கோட்டு எண்ணத்தை இந்த ஒரு சோதனையே உடைத்துப் போட்டது என்பது என் கருத்து.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. எட்டு வருடம் கழித்து அதே மையத்தில், சேம்பரில் மிச்சமிருக்கும் துளியளவு கார்பன் மோனாக்சைடுகூட பிளாட்டினப் படிவிளிம்புகளில் ஒட்டி, இறங்கும் தடையை உயர்த்தி, தீவுகளின் வடிவத்தையே மாற்றுகிறது என்று கண்டார்கள். வெற்றிடத்தைப் பற்றி முன்னால் அவ்வளவு சொன்னது இதற்காகத்தான். எனக்கும் இதில் ஒரு அனுபவம் இருக்கிறது. செம்புப் படிகத்தின் மேல் வெள்ளியைப் படியவைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஆர்கான் அயனிகளால் தேய்த்துச் சுத்தம் செய்யும் சுற்றுகளை அவசரத்தில் குறைத்துவிட்டேன். ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் செம்புக்குள்ளிருந்த கந்தகம் மேலே வந்து உட்கார்ந்தது. வெள்ளி அதைச் சுற்றிச் சுற்றித் தீவு கட்டியது. மூன்று மாதப் படங்களை வெள்ளியின் குணம் என்றே நம்பியிருந்தேன். பரப்பில் என்ன தனிமம் இருக்கிறது என்று காட்டும் ஆகர் கருவியில் கந்தகத்தின் முகடு தெரிந்த அன்றைக்கு அத்தனையையும் ஒதுக்கி வைத்தேன்.

ஆனால் அந்நிய அணு எப்போதும் கெடுதல்தான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1992-இல் வெள்ளியின் மேல் வெள்ளியை வளர்க்கும்போது ஆன்டிமனி என்ற தனிமத்தைக் கொஞ்சம் சேர்த்தார்கள், குன்றாக வளர்ந்தது அடுக்காக மாறியது. ஆன்டிமனி படலத்துக்குள் புதைந்துபோகாமல் மேலேயே மிதந்துகொண்டே வரும். அது இருக்கும் இடத்தில் வெள்ளி அணுக்களின் நடை குறையும், தீவுகள் சின்னதாக, நிறைய வரும், எனவே இறங்குவது சுலபமாகும். பிளாட்டினத்துக்கு ஆக்சிஜன் இதே உதவியைச் செய்கிறது.

கடைசியாக, உங்கள் வெள்ளிக்கே உரிய ஒரு கதை. கேலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்திப் படிகத்தின் மேல் வெள்ளியை அறை வெப்பநிலையில் படியவைத்தால் தீவுகள்தான். 1996-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், ஆஸ்டினில், படிகத்தை மைனஸ் 138 டிகிரிக்குக் குளிரவைத்து, அணுக்கள் நகர முடியாதபடி வெள்ளியைப் போட்டார்கள். அப்புறம் மெல்ல அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்தார்கள். குவிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டிய அந்தப் படலம், அணு அளவில் தட்டையாகப் படுத்துக்கொண்டது. ஆனால் 1.5 நானோமீட்டர் தடிமன், அதாவது ஏறக்குறைய ஆறு அடுக்கு, வந்திருந்தால்தான். குறைவாக வெள்ளி போட்டால் மெல்லிய படலம் உருவாகவில்லை. அதே 1.5 நானோமீட்டர் உயரத்தில் தட்டையாக நின்று, மிச்ச இடத்தை ஓட்டையாக விட்டுவிட்டது. இதற்குக் காரணம் எலக்ட்ரான்கள் என்று பின்னால் விளக்கினார்கள். மெல்லிய படலத்துக்குள் எலக்ட்ரான் அலைகள் இரு பக்கமும் அடைபட்டு நிற்கின்றன. புல்லாங்குழலின் நீளம் ஸ்வரத்தை முடிவுசெய்வது போலப் படலத்தின் தடிமன் அந்த அலைகளின் ஆற்றலை முடிவுசெய்கிறது. சில தடிமன்கள் மட்டும் மலிவாக அமைகின்றன. சிலிக்கான் மேல் ஈயம், 7 அடுக்கு உயரத் தீவுகளை விரும்புவதும் இந்த வகையில்தான்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு நானோமீட்டரைக் காப்பது எதற்கு என்றால், ஒன்று மட்டும் சொல்கிறேன். 1988-இல் ஃபெர்ட், க்ரூன்பெர்க் இருவரும் தனித்தனியாக, இரும்பு அடுக்குகளுக்கு நடுவே 1 நானோமீட்டர் அளவு குரோமியத்தை வைத்து, காந்தப்புலத்தில் மின்தடை பெரிதாக மாறுவதைக் கண்டார்கள். 2007-இல் நோபல் பரிசு. ஹார்டு டிஸ்க் படிக்கும் முனைகள் அதிலிருந்து வந்தவை. அந்தக் குரோமியத்தில் நிறைய ஓட்டை விழுந்திருந்தால் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டு, அந்த விளைவு மங்கிப்போயிருக்கும்.

உங்கள் கல்லூரி இயந்திரத்திலேயே செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, கண்ணாடியைச் சூடாக்கவே வேண்டாம். அறை வெப்பநிலையில் வெள்ளியைக் கொஞ்சம் வேகமாகப் போடுங்கள். ஜெர்மேனியம் கிடைத்தால் அடியில் 1 நானோமீட்டர் போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளி அதன் மேல் கண்ணாடியைவிட நன்றாகப் பரவும். இரண்டாவது, மைக்கா. பழைய அயர்ன் பாக்ஸில் இருக்கும் இயற்கை மைக்காத் தகடாக இருந்தால்கூடச் சோதித்துப் பார்க்கலாம். செல்லோ டேப் ஒட்டி உரித்தால் உள்ளே அணு அளவில் தட்டையான புதுப் பரப்பு கிடைக்கும், உரித்த கையோடு சேம்பருக்குள் வையுங்கள். இதில் சூடு உதவும், ஆனால் 100 நானோமீட்டர் போலத் தடிமனாகப் போட்டால் மட்டும். மெல்லியதாகப் போட்டுச் சூடாக்கினால் மறுபடி தீவுதான்.

இரண்டிலும் துண்டின் இரு ஓரத்தில் முன்கூட்டியே தடிமனாக வெள்ளி போட்டுக் கம்பி இணைத்து, வெளியே மல்டிமீட்டரில் தடையைப் பார்த்துக்கொண்டே படியவையுங்கள். கண்ணாடியில், அறை வெப்பநிலையில், ஏறக்குறைய 10 நானோமீட்டர் அருகில் தடை திடீரென்று விழும். தீவுகள் கைகோக்கும் நேரம் அது. வேகத்தை மாற்றி, சூட்டை மாற்றி, அது எந்தத் தடிமனில் விழுகிறது என்று ஒவ்வொரு முறையும் குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள் அம்மணி.